அப்பாவுக்குக் குடியுரிமை இல்லை, பிள்ளைக்கு உண்டு: கலிபோர்னியாவின் பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்

முல்லைநிலம் (இழையைத் தொடங்கியவர்)

கலிபோர்னியாவின் டெலனோ ஊரில் நடந்த திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றதும் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1965 செப்டம்பர் 8 அன்று முதலில் வேலைக்குப் போக மறுத்தவர்கள் பிலிப்பினோத் தொழிலாளர்கள். மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டார்கள். முன்னே நின்றவர் லாரி இட்லியோங். அவரோடு பிலிப் வேரா குரூஸ், பீட் வெலாஸ்கோ. சாவேஸின் சங்கம் 16ஆம் தேதிதான் சேர்ந்துகொண்டது. அது இந்தக் களத்தில் முன்பே பேசப்பட்டிருக்கிறது. நான் பேச விரும்புவது அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளைகளைப் பற்றி.

1898இல் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போனது. அதனால் 1920களில் கப்பலேறிய இலோகோஸ், பங்காசினான், விசயாஸ் பகுதி இளைஞர்களுக்கு விசா தேவைப்படவில்லை. அமெரிக்கக் கொடியின் கீழ் வளர்ந்தவர்கள், ஆனால் குடிமக்கள் அல்லர். ‘நேஷனல்’ என்று ஒரு இரண்டுங்கெட்டான் நிலை. 1934இல் டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பத்தாண்டில் பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தருவதாகச் சொன்னது. அதே சட்டம் கலிபோர்னியா வயலில் குனிந்து நின்றவரை வெளிநாட்டார் ஆக்கியது. ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் வரக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. 1946 வரை, படையில் சேர்ந்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்குக் குடியுரிமை கேட்கக்கூட வழி இல்லை.

அந்த வீட்டில் பிறந்த குழந்தையோ, அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தத்தின்படி பிறந்த நொடியிலேயே குடிமகன். பெற்றவர் எட்டாத உரிமை தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இருந்தது. கடிதத்தை யார் படிப்பது, வீட்டுக்காரரிடம் யார் பேசுவது, பள்ளியில் யாரை நம்புவது என்று வீட்டுக்குள் எல்லாமே இதனால் மாறியிருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அந்தக் குறைவு தானாக நேர்ந்ததல்ல, சட்டம் போட்டு உண்டாக்கியது. இதைப் புரிந்துகொள்ளாமல் டெலனோவையும் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். படித்தவர்கள், பழகியவர்கள் எழுதுங்கள்.

கோவில்பட்டி குமரேசன்

அண்ணாச்சி, நல்ல இழை. நான் விவசாயி, அதனால கேள்வி அந்தப் பக்கமிருந்துதான் வருது. என்ன பயிர்? ஒரே பண்ணையில இருந்தாங்களா, அலைஞ்சாங்களா? பிள்ளைங்க காட்டுக்கு வேலைக்குப் போச்சா? அது தெரியாம வளர்ப்பைப் பத்திப் பேச முடியாதுல்ல.

நூலகம் மீனா

குமரேசன் அண்ணா, பெரும்பாலும் அலைச்சல்தான். வசந்தத்தில் ஸ்டாக்டன் அருகே ஆற்றுக் கழிமுகத்தில் அஸ்பாரகஸ். கோடையில் பலர் வடக்கே அலாஸ்காவின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளுக்குப் போவார்கள். திரும்பி வந்தால் டெலனோவில் திராட்சை. சலினாஸிலும் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் லெட்யூஸ் என்ற சாலட் கீரை.

அஸ்பாரகஸ் உங்கள் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியின் உறவு. உண்பது இளங்குருத்தை. வெயில் ஏறினால் ஒரே நாளில் வளர்ந்து முற்றிவிடும். அதனால் விடியும் முன்பே வயலில் இறங்கி, நீண்ட கத்தியால் மண்ணுக்குள் குத்தி வெட்ட வேண்டும். பாத்தி முழுக்கக் குனிந்தபடி நடை. கழிமுக மண் கரிமண், தூசு பறந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். ‘பிலிப்பினோ குள்ளம், அவனுக்குக் குனிவது எளிது’ என்று முதலாளிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். லெட்யூஸ் வயலில் குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து. கலிபோர்னியாவில் அதற்குத் தடை வர 1975 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ பேரின் முதுகு போய்விட்டது.

பிள்ளைகளும் வேலை செய்தார்கள். கோடை விடுமுறை என்றால் திராட்சையோ பழமரமோ ஏதோ ஒரு அறுவடை. சில குடும்பங்கள் தொழிலாளர் முகாம் நடத்தின. அதைக் கேம்போ என்பார்கள். அங்கே தாய்தான் அத்தனை ஆண்களுக்கும் சமைப்பார். பெண் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் பாத்திரம் கழுவி, மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். குடும்பம் பயிரைத் தொடர்ந்து நகர்ந்தால் பள்ளியும் பாதியில் மாறும்.

வடமராட்சி மகள்

நான் ஸ்டாக்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில தாதியா வேலை செய்யிறன். வந்த புதிதில எனக்கு வேலை பழக்கினவ ஒரு பிலிப்பினோ அக்கா. இப்ப ஓய்வெடுத்திட்டா. பேர் சொல்லேல்லை, அவவுக்கு அது விருப்பமில்லை. ஆனா கதையை எழுதச் சொன்னவ.

அவவின்ர அப்பா 1929இல கப்பலில வந்தவர். அக்கா பிறந்தது 1953இல. இடையில இருபத்துநாலு வருசம். அவ்வளவு காலமும் அந்த மனுசன் தனிய. அஸ்பாரகஸ், திராட்சை, அலாஸ்கா எண்டு சுத்தினவர். போர் முடிஞ்சு குடியுரிமை கிடைச்ச பிறகுதான் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்தவர். அம்மா அவரைவிட இருபது வயசு இளமை. பள்ளிக்கூட வாசலில அப்பா வந்து நிண்டா, “உன்ர தாத்தா வந்திருக்கிறார்” எண்டு மற்றப் பிள்ளையள் சொல்லுவினமாம்.

நான் அவவிட்டக் கேட்டனான், சின்ன வயசு கஸ்டமா இருந்ததோ எண்டு. அவ சொன்னது எனக்கு இன்னும் மறக்கேல்லை. முகாமில நாப்பது ஐம்பது ஆம்பிளையள், ஆனா பிள்ளையள் அவவும் தம்பியும் மட்டும்தான். அத்தனை பேரும் அவவுக்கு மாமன்மார். ஒருத்தர் சப்பாத்து வாங்கித் தருவார். ஒருத்தர் கித்தார் பழக்குவார். சம்பள நாளில ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு கையில வைப்பினம். பிறந்தநாளுக்குப் பண்டி ஒண்டைச் சுடுவினம். பள்ளிக்கூட அறிக்கையை அப்பா மட்டும் பாக்கிறேல்லை, சாப்பாட்டு மேசையில கை மாறி மாறி எல்லாரும் பாப்பினமாம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆக்களும் அதைக் கையில வாங்கிப் பாத்திட்டுத்தான் கொடுப்பினமாம்.

சாப்பாடும் சொல்லவேணும். பாகற்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய் போட்டு, புளிக்க வச்ச மீன் சாறு விட்ட பினக்பெட். கோழிச் சாறில முருங்கையிலை. முகாமுக்குப் பின்னால ஆம்பிளையளே தோட்டம் வச்சிருந்தவை. நான் ஒரு நாள் முருங்கையிலைச் சொதி கொண்டுபோனன், அவ கண் கலங்கிப் போனா.

சட்டக்கல்லூரி ரவி

தங்கை சொன்ன அந்த இருபத்துநான்கு ஆண்டுத் தனிமைக்குச் சட்டக் காரணங்கள் உண்டு. முல்லைநிலம் சொன்னதற்கு அவைதான் ஆதாரம், எழுதுகிறேன்.

1930 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்க நிலப்பரப்பில் சுமார் 45,000 பிலிப்பினோக்கள். அதில் ஏறத்தாழ 30,000 பேர் கலிபோர்னியாவில். அங்கே 14 ஆணுக்கு 1 பெண் என்ற விகிதம். பண்ணைக்காரர்களுக்கு வேண்டியது குடும்பம் இல்லாத கைகள். குடும்பம் இருந்தால் வீடு வேண்டும், பள்ளி வேண்டும், பயிர் முடிந்ததும் விரட்ட முடியாது. சரி, வேறு இனப் பெண்ணை மணக்கலாமா? கலிபோர்னியாவில் வெள்ளையரோடு ‘மங்கோலியர்’ மணம் செய்யத் தடை இருந்தது. பிலிப்பினோ அதில் அடங்குவாரா என்று சால்வடோர் ரோல்டான் என்பவர் வழக்காடினார். மலாய் இனத்தவர் மங்கோலியர் அல்லர் என்று 1933இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டே மாநிலச் சட்டமன்றம் தடைப் பட்டியலில் ‘மலாய்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. வென்ற வழக்கை ஒரு சொல்லால் தோற்கடித்தார்கள். 1948இல் பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில்தான் அந்தத் தடை விழுந்தது.

இடைப்பட்ட காலத்தில் துணிந்தவர்கள் மாநில எல்லை தாண்டிப் போய் மணந்தார்கள். 1942இல் அமைந்த முதல் பிலிப்பினோ காலாட்படைப் பிரிவின் வீரர்களை, போர்முனைக்கு அனுப்பும் முன் நியூ மெக்சிகோவின் காலப் நகரத்துக்குப் பேருந்தில் கூட்டிச் சென்று திருமணம் செய்து வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காகச் சாகத் தகுதி, வாழும் மாநிலத்தில் கல்யாணம் செய்யத் தகுதியில்லை. சிலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு மொழி, இரண்டு சமையல், ஒரே கத்தோலிக்கக் கோயில் என்று வளர்ந்தார்கள்.

1946 ஜூலை 2 அன்று கையெழுத்தான லூஸ்-செல்லர் சட்டம் பிலிப்பினோக்களுக்கும் இந்தியர்களுக்கும் ஒரே தாளில் குடியுரிமை வழி திறந்தது. இரு நாட்டிலிருந்தும் தலா ஆண்டுக்கு 100 பேர் குடிவரலாம். கலிபோர்னியாவில் நம் முன்னோடிகளான பஞ்சாபி விவசாயிகள் குடிமக்கள் ஆனதும் இதே சட்டத்தால். ஆகவே இது நமக்கு முழுக்க அந்நியக் கதை இல்லை.

எழில்வாணன்

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. நாற்பது மாமன்மார் வளர்த்த பிள்ளை என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த மாமன்மாரின் வாழ்க்கை? சம்பளத்தைச் சூதாட்டக் கூடத்தில் தொலைத்தவர்கள், காசு கொடுத்துக் கூலி நடன மங்கையரோடு ஆடியவர்கள், சேவல் சண்டையில் பணம் கட்டியவர்கள். ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு எடுத்த காண்ட்ராக்டர்களும் பிலிப்பினோக்களே. அந்தப் பிள்ளைகள் இதையும் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. டிசம்பர் 30, பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ரிசாலின் நினைவு நாளில் ராணி போட்டி நடக்கும். யாருக்காக அதிகப் பணம் சேருகிறதோ அவளே ராணி. நடனத்தில் ஆண்கள் வரிசையில் நின்று பெட்டியில் காசு போட்டு அந்தப் பெண்ணோடு சில நிமிடம் ஆடுவார்கள். பதினாறு வயதுப் பெண்ணை வைத்துச் சமூகம் நிதி திரட்டுவதை நாம் பெருமையாக எழுதக்கூடாது.

நூலகம் மீனா

எழில், உங்கள் உறுத்தல் நியாயமானது. அந்தத் தலைமுறைப் பெண்களிலேயே பலர் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் சூதாட்டக் கூடத்தைத் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். ஸ்டாக்டனில் மெயின் தெருவுக்கு வடக்கே பிலிப்பினோ போனால் காவலர் மடக்குவார்கள். ஒரு விடுதி வாசலில் ‘பிலிப்பினோக்களுக்குக் கண்டிப்பாக அனுமதியில்லை’ என்று எழுதி வைத்த படம் இன்றும் இருக்கிறது. 1930 ஜனவரியில் வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல் நாள்கணக்கில் பிலிப்பினோக்களை வேட்டையாடியது. பண்ணைக் குடிசையில் பதுங்கியிருந்த ஃபெர்மின் டோபேரா என்ற 22 வயது இளைஞர் சுடப்பட்டு இறந்தார். கலவரத்தைக் கிளப்பியதே நடனக் கூடம்தான், பிலிப்பினோ ஆண்களோடு வெள்ளைப் பெண்கள் ஆடினார்கள் என்ற ஆத்திரம். வீடு கொடுக்க மறுத்து, கல்யாணத்தை மறுத்து, கடைத்தெருவில் நடக்கவிடாமல் செய்த பிறகு ஒரு மனிதனுக்கு மாலை நேரத்தில் போக எந்த இடம் மிச்சம்?

எல் டொராடோ தெருவும் லாஃபயெட் தெருவும் சந்திக்கும் இடத்தில், குட்டி மணிலா என்று அழைத்த ஸ்டாக்டனின் பிலிப்பினோப் பகுதியில் முடிதிருத்தும் கடை, உணவுக்கடை, சகோதர சங்கங்களின் விடுதி எல்லாம் இருந்தன. ராணிப் போட்டியில் திரண்ட பணம் இப்படிப்பட்ட சங்கங்களுக்குத்தான் போனது. மருத்துவச் செலவும் ஈமச் செலவும் அவைதாம் பார்த்தன. இதனால் உங்கள் கேள்வி மறைந்துவிடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

வடமராட்சி மகள்

எழில்வாணன் அண்ணா, உங்கட கேள்வியை அக்காவிட்டயே போன் எடுத்துக் கேட்டன். அவவும் ராணிப் போட்டிக்கு நிண்டவவாம். தனக்கு அந்த ஆட்டம் அறவே பிடிக்கேல்லையாம், கால் நோவும் வெக்கமும்தான் ஞாபகமாம். ஆனா அதே ஆக்கள் அவ தாதிப் படிப்புக்குப் போகேக்க தங்கட கட்டிலுக்குக் கீழ இருந்த பெட்டியைத் திறந்து காசு குடுத்தவை. அவையில ஒருத்தருக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. “இதில எதை நான் மறக்கிறது?” எண்டு கேட்டா. எனக்குப் பதில் இல்லை.

கோவில்பட்டி குமரேசன்

தாயி, அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

பேச்சு எப்படி? வீட்டுல எந்த மொழி? பிள்ளைங்களுக்கு இலோகானோ வந்துச்சா?

முல்லைநிலம்

பெரும்பாலும் வரவில்லை, பல வீடுகளில் வேண்டுமென்றே சொல்லித்தரவில்லை. ஆங்கிலத்தில் நாக்குப் பிசகினால் வேலையிலும் தெருவிலும் என்ன நடக்கும் என்று அப்பாக்களுக்குத் தெரியும். ஒரே முகாமில் இலோகானோ, விசயன், தகலோகு பேசுபவர்கள் கலந்திருந்ததால் பொதுமொழியும் ஆங்கிலம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக் காதில் விழுந்தது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். இதை நான் குறை சொல்லமாட்டேன். கையில் வேறு சொத்து இல்லாத தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்த கவசம் அது. ஆனால் விலை பெரிது. ஊரிலிருந்து வந்த பாட்டியின் கடிதத்தைப் படிக்க முடியாத பிள்ளைகள் ஆனார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு இன்னொரு அச்சம் சேர்ந்தது. ஜப்பானியர் என்று தவறாக நினைத்து அடிப்பார்கள் என்பதால் ‘நான் பிலிப்பினோ’ என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போனார்கள். 1942இல் கூடப் படித்த ஜப்பானியப் பிள்ளைகள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு வகுப்பில் இடங்கள் காலியானதை இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். தாங்கள் குடிமக்கள் என்பது எவ்வளவு காக்கும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். அந்த ஜப்பானியப் பிள்ளைகளும் இங்கே பிறந்த குடிமக்கள்தானே.

மௌயி மகேஸ்வரன்

ஹவாய்க்கு ஒரு வரி. இங்கே கரும்புத் தோட்டத்துக்கு 1906இல் முதலில் 15 பேர் வந்தார்கள். சகாடா என்று சொல்வார்கள். 1946இல் கடைசிப் பெருங்குழுவாகச் சுமார் 6,000 ஆண்கள் வந்தபோது பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து வந்தார்கள். இங்கே கலப்புமணத் தடையும் கிடையாது. ஆகவே பிள்ளைகள் அதிகம், தோட்ட முகாமே ஊராக நிலைத்தது. முல்லைநிலம் சொல்லும் சட்டத்தால் வந்த குறைவு நிலப்பரப்பில்தான் கூர்மையாகத் தெரியும்.

நூலகம் மீனா

மகேஸ்வரன் சொன்ன வேறுபாடு முக்கியம்.

வளர்ந்த பிறகு இந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதையும் பேச வேண்டும். 1965 வேலைநிறுத்தத்தில் டெலனோவின் பிலிப்பினோ வீடுகள் பிளந்தன. சிலரின் அப்பா மறியலில், சிலரின் அப்பா தோட்டத்தில் மேஸ்திரி. பள்ளியில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். முதலாளிகள் முகாம்களில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தி, பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த கிழவர்களை வெளியேற்றினார்கள். பிலிப்பினோ மண்டபத்தின் சமையலறைதான் அவர்களுக்கும் மெக்சிகத் தொழிலாளருக்கும் சோறு போட்டது. 1970 ஜூலையில் ஒப்பந்தம் வரும்வரை ஐந்தாண்டு.

வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1965 அக்டோபர் 3 அன்று புதிய குடிவரவுச் சட்டம் கையெழுத்தானது. அதன் வழியே பிலிப்பைன்ஸிலிருந்து தாதியரும் மருத்துவரும் பொறியாளரும் வரத் தொடங்கினார்கள். புதியவர்களுக்கு இந்தப் பழைய வீட்டுப் பிள்ளைகள் தகலோகு தெரியாத அமெரிக்கர்கள். வெள்ளையருக்கோ இவர்கள் என்றும் வந்தேறிகள்.

அந்த நெருக்கடியிலிருந்துதான் வரலாற்றை எழுதும் வேகம் வந்தது என்பது என் எண்ணம். கலிபோர்னியாவின் செல்மாவில் பிறந்து பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த ஃபிரெட் கோர்டோவா, மனைவி டோரத்தியோடு சியாட்டிலில் குடியேறி, 1982இல் பிலிப்பினோ அமெரிக்க தேசிய வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். வாஷிங்டன் மாநிலத்து வாபட்டோ ஊரின் பண்ணைத் தொழிலாளி மகன் ஜீன் வியர்னஸ், அலாஸ்கா ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் ஊழலை எதிர்த்து, பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சியை எதிர்த்து, 1981 ஜூன் 1 அன்று சங்க அலுவலகத்திலேயே சில்மே டொமிங்கோவோடு சுடப்பட்டார். பின்னர் நீதிமன்றம் அந்தக் கொலைகளுக்கு மார்கோஸையே பொறுப்பாக்கியது. ஸ்டாக்டனில் டான் மபலோன். அவருடைய தாத்தாவின் உணவுக்கடை லாஃபயெட் தெருவில் இருந்தது. அலைந்து திரிந்த தொழிலாளர்கள் அந்தக் கடையைத்தான் தங்கள் அஞ்சல் முகவரியாக வைத்திருந்தார்கள். குறுக்கு நெடுஞ்சாலை போட்டு அந்தத் தெருக்களை இடித்த நகரத்தில், மிஞ்சிய கட்டிடங்களைக் காக்கப் போராடி, அந்த வரலாற்றை எழுதியவர் அவர். 2018இல் இளவயதிலேயே போய்விட்டார்.

முல்லைநிலம்

மீனா சொன்னதோடு ஓர் இடத்தைச் சேர்க்கிறேன். டெலனோவில் அக்பயானி கிராமம். மறியலில் நின்றபோதே உயிர்விட்ட பாலோ அக்பயானியின் பெயரில், ஓய்வுபெற்ற பண்ணைத் தொழிலாளர்களுக்காகத் தன்னார்வலர்கள் கட்டியது, 1974இல் திறந்தார்கள். ஏன் தேவைப்பட்டது? முதுமையில் சென்று தங்க அவர்களுக்குப் பிள்ளை வீடு இல்லை. நான் தொடக்கத்தில் சொன்ன சட்டங்களின் கணக்கு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது பேருக்கு ஓரிரு பிள்ளைகள் என்றால், அந்த ஓரிருவர் எத்தனை பேரைத் தாங்க முடியும்?

எழில்வாணன்

இதை ஏற்கிறேன். ராணிப் போட்டி பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சமூகத்திடம் கேட்கும் முன் 1933 சட்டமன்றத்திடம் கேட்க வேண்டும் என்பது புரிகிறது. 2013இல் கலிபோர்னியா இந்தத் தொழிலாளர்களின் பங்கைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சட்டம் போட்டது, யூனியன் சிட்டியில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இட்லியோங், வேரா குரூஸ் இருவர் பெயரும் சூட்டியிருக்கிறார்கள் என்று தேடியதில் தெரிந்தது. அந்தப் பாடத்தில் தாய்மாரும் மகள்களும் எத்தனை பக்கம் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

வடமராட்சி மகள்

சனிக்கிழமை அக்காவைப் பாக்கப் போறன். அவ கதைக்கச் சம்மதம் எண்டவ. கேக்க வேண்டியதை எழுதுங்கோ, ஒவ்வொண்டாக் கேட்டு வந்து இங்க போடுறன்.

கோவில்பட்டி குமரேசன்

தாயி, என் கேள்வி ஒண்ணுதான். அவங்கப்பா கூலியில ஊருக்கு எவ்வளவு போச்சு, பிள்ளைங்களுக்கு எவ்வளவு நின்னுச்சு? ஊர்ல அந்தக் காசுல நிலம் வாங்குனாங்களா, தம்பி தங்கச்சி படிச்சாங்களா? அந்த நிலத்தை அக்கா எப்பவாவது போய்ப் பாத்தாங்களா? அவங்க பேருல ஏதாச்சும் இருக்கா?